முக்கால் கட்டைப் பொய்

“மனுஷன் பொய் சொல்வான். சர்க்கார் சொல்லும். நாளைக்கு வெயில் கம்மின்னு ரேடியோ சொல்லும். பொண்ணு வீட்டுக்காரங்க வயசுல சொல்வாங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேலையில சொல்வாங்க. என் டேப் மட்டும் சொல்லாது. தொண்டைக்குள்ள என்ன இருந்துச்சோ அதுதான் அதுல இருக்கும். ஒரு முடி கூடுதலா இருந்தாலும் சரி, குறைவா இருந்தாலும் சரி, வந்து என்னைக் கேளுங்க. எங்கயும் ஓடிப்போக மாட்டேன். இதே நாற்காலியிலதான் இருப்பேன்.”

கெய்ரோவில் ஷுப்ரா வட்டாரத்தில், ஹாஜி மத்பூலியின் காபிக்கடையில், சுவரோரத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒலிப்பதிவாளர் ஹெஷ்மத் அபுல் எலா ஆற்றிய சொற்பொழிவு இது. ஒரு தடவை ஆற்றியதல்ல. எங்கள் பேட்டையில் புதிதாக யாராவது குடிவந்தால், தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் முன்பே இந்தச் சொற்பொழிவைத் தெரிந்துகொண்டு விடுவார்கள். அவர் நாற்காலியை விட்டு ஓடவில்லை என்பதும் உண்மை. எழுந்து கழிப்பறைக்குப் போவதே அபூர்வம்.

அவரை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘முஹந்திஸ்’ என்போம். பொறியாளர் என்று அர்த்தம். எங்கள் ஊரில் சட்டைப் பையில் ஒரு திருப்புளி வைத்திருந்தால் போதும், பட்டம் வீடு தேடி வரும். ஹெஷ்மத்திடம் இரண்டு திருப்புளிகள் இருந்தன. அதற்குமேல் அவருக்குத் தகுதி கேட்பது மரியாதையாகாது.

ஆனால் வேலையில் அவர் சாமானியரல்ல. இமாதுத்தீன் தெருவுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில், ஒரு பல் வைத்தியருக்கும் ஒரு தையற்காரருக்கும் நடுவே இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், இட்டலித் தட்டு போலச் சக்கரங்கள் சுழலும் ஒரு பெரிய ஜெர்மன் டேப் இயந்திரத்தை அவர் வளர்த்துவந்தார். வளர்த்துவந்தார் என்பதுதான் சரியான சொல். அதற்குக் காலையில் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு முகம் கழுவிவிடுவார். பிறகுதான் தன் முகம்.

“ஊசி சிவப்புக்குள்ள போகட்டும், பயப்படாதே,” என்பார். ஒலியின் அளவைக் காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டினால் மற்ற பதிவாளர்களுக்கு வியர்க்கும். ஹெஷ்மத் வேண்டுமென்றே தாண்டவிடுவார். “டேப் ஒரு அளவுக்குத்தான் குடிக்கும். அதுக்கு மேல ஊத்தினா என்ன பண்ணும்? சிந்தாது, மழுக்கும். பாடறவ உச்சியில கத்தறா பாரு, அந்தக் கூர்மையை அரிவாளால வெட்டாது. உள்ளங்கையால தடவி விடும். தடவின எடத்துல சக்கரை ஊறும். கீழ் சுரம் கொஞ்சம் உடம்பு போடும். மேல கண்ணாடி மாதிரி குத்தறது கம்பளி மாதிரி ஆகும். இதெல்லாம் சேர்ந்தாத்தான் காதுக்குச் சூடு.”

கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அல்லாஹ், அல்லாஹ் என்று உருகுவோம். டேப் தடவுகிறது, மழுக்குகிறது, சர்க்கரை ஊற வைக்கிறது என்று ஒரு மூச்சில் சொன்ன அதே வாய்தான், டேப் ஒரு முடிகூடக் கூட்டாது குறைக்காது என்று அடுத்த மூச்சில் சொன்னது. இரண்டும் ஒன்றையொன்று கழுத்தைப் பிடிக்கும் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், கேட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்று விட்டிருப்போம்.

கணினியில் பதிகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. “அது எண்ணி எண்ணிப் பொய் சொல்லும்,” என்பார். “டேப்புக்கு எண்ணத் தெரியாது. எண்ணத் தெரியாதவன் எப்படிப் பொய் சொல்வான்?” இதைக் கேட்டு, கணக்கில் தோற்றுப் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தோம்.

அவருடைய புகழுக்கு ஆதாரம் ஒரே ஒரு கேசட். எழுபத்தெட்டாம் ஆண்டுக் கோடையில் அவர் பதிந்தது. பாடியவள் மன்சூராவிலிருந்து வந்த கல்யாணப் பாடகி இன்ஷிராஹ். பாட்டு, எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டைப் பாட்டு: பக்கத்து வீட்டுப் பையனின் சட்டை காற்றில் பறந்துவந்து இவள் மாடிக் கொடியில் மாட்டிக்கொள்கிறது, திருப்பிக் கொடுப்பதா, துவைத்துக் கொடுப்பதா, கொடுக்காமலே இருப்பதா என்று இவள் குழம்புகிறாள். பாட்டில் அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்தக் குரல்! பதினேழு வயதுப் பெண் கொலுசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவதுபோல இருக்கும். டாக்சியில் அதுதான், சலூனில் அதுதான். ஹாஜி மத்பூலியின் கடையில் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அதுதான். பாட்டு தொடங்கும் முன்பே, டேப்பின் அடுத்த சுற்றிலிருந்து ஒட்டிக்கொண்ட அவள் குரல் மெலிதாக, ஆவிபோல ஒருமுறை கேட்கும். அது ஜின்தான் என்று இஸ்திரிக்காரர் அவாத் சத்தியம் செய்வார். ஹெஷ்மத் அதை மறுத்ததில்லை. ஜின்னையும் தாம்தான் பதிந்தோம் என்கிற தோரணையில் மீசையைத் தடவிக்கொள்வார்.

இன்ஷிராஹுக்கு அந்தக் கேசட் செய்தது வேறு.

கேசட் வந்த குளிர்காலத்தில் அவளைக் கல்யாணங்களுக்குக் கூப்பிட வரிசை நின்றது. போனாள். வாத்தியக்காரர்கள் எல்லோரும் கேசட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். கேசட்டின் சுருதியிலேயே தொடங்கினார்கள். இவள் அந்தச் சுருதியைப் பிடிக்க ஏணி போட்டு ஏறினாள். பல்லவியில் தொங்கினாள், சரணத்தில் விழுந்தாள். பந்தலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இது அவ இல்லடா,” என்று முதலில் வாய் திறந்தவர் அவாத்தான். “அது சின்னப் பொண்ணு. இது யாரோ சித்தி. கம்பெனிக்காரன் ஒருத்தியைப் பாட வச்சுட்டு இன்னொருத்தியை அனுப்பறான்.”

பேச்சு பரவியது. எங்கள் பேட்டையில் நல்ல செய்தி செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போதே கெட்ட செய்தி நைலைத் தாண்டிவிடும். இன்ஷிராஹ் நேராகக் காபிக்கடைக்கு வந்தாள். பெண்கள் அங்கே வருவதில்லை, அவள் வந்தாள். வாசலில் நின்றுகொண்டே கேட்டாள்:

“முஹந்திஸ், நீங்கதானே பதிஞ்சீங்க? நான்தான் பாடினேன்னு இவங்ககிட்ட சொல்லுங்க.”

எல்லா டோமினோக் கட்டைகளும் நின்றன. ஹெஷ்மத் தொண்டையைச் செருமிக்கொண்டு சாட்சி சொன்னார். உண்மையான சாட்சி என்றுதான் அவர் நினைத்தார், அதுதான் இந்த வரலாற்றிலேயே கேவலமான பகுதி.

“பாடினது இவதான். அல்லாஹ் மேல ஆணை. அன்னிக்கு இவ தொண்டையில அப்படி ஒரு தேன் இருந்துச்சு. டேப் அதை அப்படியே எடுத்துக்கிச்சு. இப்ப இல்லன்னா நான் என்ன பண்ண? டேப் பொய் சொல்லாது. தொண்டை போயிருச்சு. புகையோ, கண்ணேறோ, யாருக்குத் தெரியும்.”

இன்ஷிராஹ் வாழ்க்கையில் புகை பிடித்ததில்லை. வந்த வழியே திரும்பிப் போனாள். அன்றிலிருந்து அவள் ஏமாற்றுக்காரி இல்லை என்று தெளிவாயிற்று. குரல் கெட்டுப்போனவள் என்றும் தெளிவாயிற்று. ஏமாற்றுக்காரியையாவது யாராவது பாடக் கூப்பிட்டிருப்பார்கள்.

கருஞ்சீரகத் தேன் குடித்தாள். சோம்பு வேகவைத்துக் குடித்தாள். ஒரு வைத்தியர் தொண்டையில் குழாய் விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றார், அவரைத் திறமையற்றவர் என்று முடிவுகட்டி இன்னொருவரிடம் போனாள். அவரும் ஒன்றுமில்லை என்றார். கடைசியில் பாட்டை விட்டுவிட்டு, அவாத்தின் இஸ்திரிக் கடைக்குப் பக்கத்தில், கல்யாண உடைகளை வாடகைக்கு விடும் கடை வைத்தாள். மணப்பெண்கள் அவளிடம் உடை அளவு கொடுக்கும்போது கடையில் கேசட் போடுவார்கள். சட்டைப் பாட்டு வந்தால், “அடுத்ததுக்குத் தள்ளும்மா,” என்பாள். அவள்தான் பாடியவள் என்று புதுப் பெண்களுக்குத் தெரியாது.

இப்படிப் பல வருஷம் ஓடியது. தொண்ணூற்று நாலில், கேசட்டை வெளியிட்ட அந்தப் பழைய கம்பெனியின் முதலாளி மகனுக்கு ஒரு யோசனை வந்தது. அப்பா யோசனை வராமலேயே பணம் சம்பாதித்தவர். மகன் படித்தவன், யோசனை வரும். சட்டைப் பாட்டைக் குறுந்தகட்டில் போடலாம், பழைய பதிவையும், அதே பாடகி இன்று பாடும் புதிய பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், அதே இயந்திரம், அதே முஹந்திஸ்.

ஹெஷ்மத் மலர்ந்தார். “கம்ப்யூட்டர்ல பதிஞ்சா அவ செத்தா,” என்றார் காபிக்கடையில். “என் டேப்புல பாடட்டும். மிச்சம் மீதி தேன் ஒரு சொட்டு இருந்தாலும் டேப் தேடி எடுத்துரும்.”

இன்ஷிராஹ் மூன்று முறை மாட்டேன் என்றாள். நாலாவது முறை, ஏனென்று அவளுக்கே தெரியாமல், சரி என்றாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே மூன்று மாடி ஏறி வந்தாள். பழைய வாத்தியக்காரர்களில் உயிரோடும் ஊரிலும் இருந்தவர் நேய் வாசிக்கும் தம்யான் மட்டும். நேய் என்பது நாணலில் வெட்டிய புல்லாங்குழல். நம் குழல்போலவே ஒவ்வொன்றும் ஒரு சுருதிக்குத்தான் வெட்டப்படும், முறுக்கி ஏற்றவோ இறக்கவோ முடியாது. அதனால் வாசிப்பவர்கள் ஒரு பை நிறைய வைத்திருப்பார்கள். தம்யான் எழுபத்தெட்டில் அந்தப் பழைய பதிவு முடிந்த வாரமே லிபியாவுக்குப் போய், அங்கே ஒரு ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்குப் பின்னால் பல வருஷம் வாசித்துவிட்டு, செரிமானத்துக்கு உதவிய திருப்தியோடு சமீபத்தில் திரும்பியிருந்தார்.

“வா இன்ஷிராஹ்,” என்றார் தம்யான். “நீ அப்படியே இருக்கே. நான்தான் ரெண்டு பங்காயிட்டேன்.”

“கண்ணாடி போட்டுப் பாரு,” என்றாள் அவள்.

பாடினாள். கீழே, தன் வசதியான இடத்தில், தம்யான் கொடுத்த சுருதியில் பாடினாள். முடிந்ததும் ஹெஷ்மத் டேப்பைத் திருப்பி ஓட்டினார். ஊசியைச் சிவப்பில் தள்ளித்தான் பதிந்திருந்தார். சூடு இருந்தது. உடம்பு இருந்தது. ஆனால் அந்தக் கொலுசு கழற்றிய பெண் இல்லை. மாடிப்படியில் வேறு யாரோ, சுமையோடு, நிதானமாக ஏறிவந்தார்கள்.

ஹெஷ்மத் தலையை ஆட்டினார். துக்க வீட்டில் ஆட்டுகிற ஆட்டல்.

“என்ன பண்றது, இன்ஷிராஹ். நான் ஏத்திக் கொடுக்க முடியாது பாரு. டேப் இருக்கறதத்தான் சொல்லும்.”

அவள் அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். “பழசைப் போடுங்க,” என்றாள். “ஒரு தடவை பக்கத்துல வச்சுக் கேட்டுட்டுப் போயிடறேன். வேற எதுக்கும் இல்ல. எங்க போச்சுன்னு தெரியணும்.”

கம்பெனியின் அலமாரியிலிருந்து வந்திருந்த மூலச் சுருளை ஹெஷ்மத் மாட்டினார். ஓடியது. அந்த ஆவி முதலில் வந்தது, பிறகு அந்தப் பெண் வந்தாள். ஹெஷ்மத் கண்ணை மூடிக்கொண்டார். தம்யான் சும்மா இருக்க மாட்டாதவர், கூட வாசிக்கலாம் என்று நேயை எடுத்து வாயில் வைத்தார். சேரவில்லை. அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அதுவும் சேரவில்லை. பையைக் கவிழ்த்தார்.

“என்னய்யா கடமுடங்கறே?” என்றார் ஹெஷ்மத்.

“சேர மாட்டேங்குது.”

“உனக்குக் காது போச்சு. லிபியாக்காரன் சாப்பாட்டுச் சத்தம்.”

“காதெல்லாம் கேக்குது. இது ரெண்டரைக் கட்டைக்கும் மேல, மூணுக்கும் கீழ நிக்குது. இந்தச் சுருதிக்கு நான் நாணல் வெட்டினதே இல்ல.” தம்யான் நெற்றியைச் சுருக்கினார். “ஹெஷ்மத், இதுல நேய் வாசிக்கறது யாரு?”

“நீதான்! நீயேதான்! உன்னைத் தவிர யாரு?”

“நானா?” தம்யானின் முகம் போன போக்கு விசித்திரமாக இருந்தது. “லிபியாவுல இந்தக் கேசட்டைக் கேட்டேன். நான் போனதும் வேற எவனையோ வச்சுத் திரும்பப் பதிஞ்சுட்டீங்கன்னு நெனச்சேன். அவன் மூச்சு என்னை விட லேசா இருந்துச்சு. விரல் என்னை விட வேகமா இருந்துச்சு. இத்தனை வருஷம் அந்தப் பயலைத் திட்டிக்கிட்டு இருக்கேன்!”

இன்ஷிராஹ் சிரித்துவிட்டாள். தம்யான் சிரிக்கவில்லை. தன்மேலேயே பொறாமைப்பட்டு ஓர் ஆயுளின் நல்ல பகுதியைச் செலவிட்டவர் அவ்வளவு சீக்கிரம் சிரிக்க முடியாது.

“ஆனா நான் எப்படி இந்தச் சுருதியில வாசிச்சிருப்பேன்?” என்றார். “அன்னிக்கு என்கிட்ட ஒத்தக் குழல்தானே. ஞாபகம் இல்ல? என் மச்சான் முதல் நாள் கல்யாணத்துல என் பை மேல உக்காந்துட்டான். சட்டைக் கைக்குள்ள வச்சிருந்த ரெண்டு கட்டைக் குழல் மட்டும் பொழைச்சுது.”

“ஆமா,” என்றாள் இன்ஷிராஹ் மெதுவாக. “உன் ஒத்தக் குழலுக்காக எல்லாரும் கீழ இறங்கினோம். ரெண்டு கட்டையிலதான் பாடினேன். நல்லா இருந்துச்சு எனக்கு. நோகவே இல்ல.”

“ரெண்டுல பாடினது ரெண்டே முக்கால்ல எப்படிக் கேக்கும்?” என்றார் தம்யான். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

ஹெஷ்மத் எழுந்து டேப்பின் சக்கர விளிம்பில் பெருவிரலை வைத்து அழுத்தினார். சக்கரம் முனகியது. பாட்டு தள்ளாடி, சறுக்கி, கீழே இறங்கியது. ஒரு கணம், ஒரே ஒரு வரிக்கு, அந்த அறையில் அப்போதுதான் பாடி முடித்த அதே பெண் பாடினாள். தம்யான் இரண்டு கட்டைக் குழலை வாயில் வைத்தார், அது அந்த வரியில் தானாகப் போய் உட்கார்ந்தது.

விரலை எடுத்தார். பாட்டு மறுபடி மேலே துள்ளி ஓடியது.

“அன்னிக்கு கரண்ட் போச்சு,” என்றார் ஹெஷ்மத்.

இருவரும் பார்த்தார்கள்.

“கரண்ட் போச்சு. கீழ பந்தல்காரன்கிட்ட ஜெனரேட்டர் வாங்கிட்டு வந்து ஓட்டினோம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் விளக்கு எரிய விடற கிழட்டு ஜெனரேட்டர். பல்பு மங்கலாத்தான் எரிஞ்சுது. மோட்டார் ஓடுது, போதும்னு நெனச்சேன்.” குரல் கீழே போய்க்கொண்டே இருந்தது. “அது இழுத்த மூச்சுக்கு இது ஓடியிருக்கு. மெதுவா ஓடும்போது பதிஞ்சது. அங்கயே அதே ஜெனரேட்டர்ல போட்டுக் கேட்டோம், சரியாத்தான் இருந்துச்சு. மறுநாள் நல்ல கரண்ட்ல ஓட்டினேன். அது வேகமா ஓடுச்சு. வேகமா ஓடினா குரல் ஏறும். தேனா இருந்துச்சு. நான்…” நிறுத்தினார். “என் கைராசின்னு நெனச்சேன்.”

உலகத்தில் பொய் சொல்லாத ஒரே பொருளுக்கு, பிணவீட்டு ஜெனரேட்டர் ஒன்று எழுதிக்கொடுத்த பொய் முக்கால் கட்டை. அதை வைத்துக்கொண்டுதான் எங்கள் முஹந்திஸ் சொற்பொழிவு ஆற்றிவந்தார், நாங்களும் அல்லாஹ், அல்லாஹ் என்று வந்தோம்.

இன்ஷிராஹ் உட்கார்ந்தாள். “அப்ப என் தொண்டை?”

“தொண்டைக்கு ஒண்ணும் ஆகல.”

“அன்னிக்கும் இதே தொண்டைதானா?”

“இதேதான்.”

“நான் அந்தப் பொண்ணு மாதிரி பாடணும்னு எவ்வளவு ஏறினேன் தெரியுமா, ஹெஷ்மத்? அப்படி ஒரு பொண்ணே இல்லையா?”

முஹந்திஸ் என்று கூப்பிடாமல் அவள் ஹெஷ்மத் என்று சொன்னதை அவர் கவனித்தார். தலை நிமிரவில்லை. இயந்திரத்தின் மேல் இல்லாத தூசியைச் சட்டைக் கையால் துடைத்தார்.

“மன்னிச்சுக்கோ, இன்ஷிராஹ்.”

“இங்க எதுக்குச் சொல்றே? எங்க ரெண்டு பேர்கிட்டயா என் தொண்டை போச்சுன்னு சொன்னே? நீ எங்க சொன்னியோ அங்க போய்ச் சொல்லு. அதே வாசல்ல நான் நின்னேன். அதே ஆளுங்க இருக்காங்க. அவாத் இருக்கான், தினமும் பக்கத்துக் கடையில இருந்து அந்தப் பாட்டைப் பாடிக்கிட்டே இஸ்திரி போடறான். எனக்குக் கேக்கட்டும்னே பாடறான்.” எழுந்தாள். “சொல்லாட்டி என் புதுப் பாட்டை வெளியிட வேணாம். கெட்டுப்போன தொண்டையை இன்னொரு தடவை விக்க எனக்கு இஷ்டமில்ல.”

படியில் இறங்கும்போது அளவு நாடா பின்னால் தரையில் இழுபட்டுப் போயிற்று. தம்யான் நேய்களைப் பைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டார். “நல்லா வாசிச்சிருக்கேன் இல்ல?” என்று மட்டும் கேட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரும் போய்விட்டார்.

மறுநாள் ஹெஷ்மத் காபிக்கடைக்கு வந்தார். முகம் கழுவியிருந்தார், ஆனால் இயந்திரத்தைக் கழுவவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோரையும் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“ஒரு டீ,” என்றார்.

டீ வந்தது. குடித்தார். மறுபடி வாயைத் திறந்தார். “சக்கரை கம்மியா இருக்கு,” என்றார். எங்கள் பேட்டை அவருடைய வாயிலிருந்து எத்தனையோ கேட்டிருக்கிறது. சர்க்கரை கம்மி என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டது.

அதற்கு மறுநாளும் வந்தார். ஹாஜி மத்பூலி அவர் வழக்கத்தை விசாரித்தார்: “என்ன முஹந்திஸ், புதுசா ஒருத்தன் குடி வந்திருக்கான், அவனுக்கு டேப் கதை சொல்லலையா?” புதிதாக வந்தவன் பயபக்தியோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். ஹெஷ்மத் அவனைப் பார்த்து, “தண்ணி காலையில மட்டும்தான் வரும், பிடிச்சு வச்சுக்கோ,” என்றார். அவன் ஏமாந்துபோனான். நாங்கள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று முடிவுசெய்தோம். அவாத் கெமோமில் பூவை வெந்நீரில் போட்டுக் குடிக்கச் சொன்னார். யாருக்கு ஆறுதல் சொல்லவேண்டும் என்று தெரியாமல் ஆறுதல் சொல்வதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

இன்ஷிராஹின் கடை வழியாகப் போவதை அவர் தவிர்த்தார். அதற்காக மசூதியைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. மசூதியைச் சுற்றிப் போகிறவர் உள்ளே வந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று இமாம் பிடித்துக்கொண்டார். ஆக, வெட்கத்தினால் ஹெஷ்மத் ஒரு வாரம் ஐந்து வேளையும் தவறாமல் தொழுதார். இதைப் பார்த்து அவருக்கு ஹஜ்ஜுக்குப் போகும் எண்ணம் என்று பேச்சு கிளம்பியது. அவர் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் வாய் வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்கு மறுநாள், அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் வந்து உட்கார்ந்தோம். டோமினோ தொடங்கியது. ஹாஜி மத்பூலி வழக்கம்போலக் கல்லாவுக்கு மேலிருந்த ஜப்பான் கேசட் பெட்டியில் சட்டைப் பாட்டைப் போட்டார். ஆவி கேட்டது. அவாத் “வந்துட்டா” என்றார். அந்தப் பெண் கொலுசைக் கழற்றிக்கொண்டு மாடிப்படி ஏறத் தொடங்கினாள்.

ஹெஷ்மத் நாற்காலியிலிருந்து எழுந்தார். கல்லாவுக்குப் பின்னால் போனார்.

“என்ன முஹந்திஸ், சத்தம் போதலையா?”

“இல்ல ஹாஜி. ஒரு நிமிஷம்.”

கேசட் பெட்டியின் பின் மூடியைக் கழற்றினார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே மோட்டாரின் முதுகில் ஒரு சின்னத் துளை, துளைக்குள் ஒரு திருகு. வேகத்தைத் திருத்துவதற்கென்று ஜப்பான்காரன் வைத்தது, அதை அவர் அறிவார். சின்னத் திருப்புளியை அதில் வைத்தார்.

திருப்பினார்.

அந்தப் பெண் ஒரு படியில் தடுக்கினாள். குழல் தொய்ந்தது. தாளம் களைத்தது.

“ஏய், இழுக்குதுய்யா!” என்று மூலையிலிருந்து ஒருவர் கத்தினார். “டேப் சிக்கிக்கிச்சு!”

“முஹந்திஸ், கெடுத்துறாதீங்க, ஒரே கேசட்டு!” என்றார் ஹாஜி.

ஹெஷ்மத் திரும்பிப் பார்க்கவில்லை. காதைப் பெட்டியோடு ஒட்டவைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் திருப்பினார். பிறகு ஒரு நூலளவு திரும்பத் திருப்பினார். குரல் இறங்கி, இறங்கி, நின்றது. அங்கே தடுக்கல் இல்லை. குழல் தன் மூச்சோடு வாசித்தது. ஒரு பெண், நோகாமல், அவசரமில்லாமல், கீழே தன் வசதியான இடத்தில் நின்று, சட்டையைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கத்தியவர் இரண்டாவது தடவை கத்த வாயெடுத்து விட்டுவிட்டார்.

அவாத் கையில் டோமினோக் கட்டையைப் பிடித்தபடி வாசல் பக்கம் திரும்பினார். தலையை நீட்டித் தெருவைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“இன்ஷிராஹ் அம்மா வந்திருக்காங்களா?” என்றார். “குரல் கேக்குதே.”

வாசலில் யாரும் இல்லை. ஹெஷ்மத் திருப்புளியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெட்டியின் பின் மூடியை இரண்டு கையாலும் பிடித்தபடி, மூடாமல் நின்றார்.